துடுப்புக்கு யாருடா வாரிசு?

வாடா பேராண்டி, வா. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. செல்ல மட்டும் கீழ வெக்க வேணாம். அது உன் கையில ஆறாவது வெரலா மொளைச்சுப் போச்சு, இழுத்தா ரத்தம் வரும்.

காலையில பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டுச்சு. உங்க ஆயா படத்தப் போட்டு, சுத்தி ரோசாப்பூ வெச்சு, 'எங்கள் குலதெய்வமே, உங்கள் கைப்பக்குவத்துக்கு ஈடு உண்டா'ன்னு எழுதியிருக்க. கீழ முந்நூறு பேரு கும்புடு போட்டிருக்கான். படத்தப் பாத்ததும் எனக்கு நெஞ்சு ஒரு நிமிசம் நின்னு போச்சுடா. பூ சுத்தி, பேர் போட்டு, படம் வெச்சா நம்மூர்ல அதுக்கு வேற அர்த்தம். எழுந்து கொல்லைப் பக்கம் எட்டிப் பாத்தன். கெழவி சாணி அள்ளிக்கிட்டுத்தான் இருந்தா. அப்பறந்தான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவினன்.

நீ செஞ்சதுல தப்பில்ல. ஓசூர்லேர்ந்து பஸ் ஏறி, லீவு நாள்ல தூக்கத்த விட்டுட்டு, ஆயாவக் கொண்டாடணும்னு வந்திருக்கியே, அது பெரிய மனசுதான். ஆனா செய்யறத முறையாச் செய்யணும். எனக்கு எழுபத்திரண்டு முடியப் போவுது. பொறந்ததுலேர்ந்து கெழவிங்க கையால தின்னு வளந்த ஒடம்பு இது. மொதல்ல எங்க ஆயா, அப்பறம் உங்க ஆயா. கெழவிங்களப் புகழறதுல எனக்கு இருக்கற அனுபவம் இந்தப் பாப்பாரப்பட்டி சுத்துவட்டாரத்துல எவனுக்கும் கெடையாது. புகழ்ந்துகிட்டே ஒரு வேலையும் கத்துக்காம தப்பிக்கறதுல அதவிட அனுபவம். அதனால சொல்றன், கேட்டுக்க.

மொதல்ல, நல்லாப் புகழு. சாப்பிட்டுக் கையக் கழுவினதும் 'உன்ன மாதிரி யாராலும் முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அதுல எவ்வளவு சவுகரியம் இருக்கு பாரு. யாராலும் முடியாதுன்னு ஆயிட்டா உன்னாலயும் முடியாதுதானே? முடியாததக் கத்துக்க எவன் மெனக்கெடுவான்? அம்பது வருசமா நான் இந்த ஒரே வார்த்தையச் சொல்லித்தான் உங்க ஆயாவ அடுப்பங்கரையிலயே உக்கார வெச்சிருக்கன். ஒருநாளாவது அவளுக்குச் சந்தேகம் வரலையான்னு கேக்கறியா? வந்துச்சு. கல்யாணம் ஆன மூணாம் நாளே வந்துச்சு. அவ எதையும் வாய்விட்டுச் சொல்ற ஆளில்ல. அன்னையிலேர்ந்து என் உருண்டைய மட்டும் கொஞ்சம் சின்னதா உருட்டறா.

அடுத்தது, அளவு கேளு. நேத்து கேட்டியே, 'ஆயா, களிக்கு எத்தனை கிராம் மாவு, எத்தனை மில்லி தண்ணி'ன்னு. அவ என்ன சொன்னா? 'பாத்துப் போடறதுதான் சாமி.' நீயும் நோட்டுல 'பார்த்துப் போடவும்'னு எழுதி, அதுக்கு அடியில கோடு வேற போட்டுக்கிட்ட. எதப் பாத்துன்னு கேட்டியா? கேக்கல. அவ அடுப்பு முன்னாடி உக்காந்திருக்கறப்பவாவது பாத்தியா? நீ அப்ப வெளிச்சம் சரியில்லன்னு ஜன்னலத் தொறந்துகிட்டு இருந்த.

அவ எதப் பாக்கறான்னு நானு சொல்றன். எதுத்தாப்பல உக்காந்து அம்பது வருசம் வேடிக்கை பாத்தவன்டா, கை வெக்கலையே தவிர. மொதல்ல ஒலையில ஒரு கைப்பிடி நொய்யப் போடுவா. அது பாதி மலந்து வரும்போது கேவுரு மாவ நடுவுல ஒரே குமியாக் கொட்டுவா. கொட்டிட்டுக் கிண்ட மாட்டா. அங்கதான் உன்ன மாதிரி ஆளு தோத்துப் போவான். மாவு விழுந்ததும் கை அரிக்கும், கரண்டியப் போட்டுக் கலக்குவான், பொறவு கட்டி கட்டியா நிக்கும். அவ துடுப்புக் காம்பால குமிக்கு நடுவுல ஒரு ஓட்டை மட்டும் போடுவா. கீழ கொதிக்கற தண்ணி அந்த ஓட்டை வழியா ஏறிவந்து பொளக் பொளக்குனு மாவு மேல வழியும். வெறகப் பின்னாடி இழுத்துத் தீயத் தணிச்சு, பானைய மூடிட்டு, போயி கீரை கடைவா. கடைஞ்சு முடிச்சு வர்ற நேரந்தான் மாவு வேகற நேரம். அவளுக்கு அந்த மத்துதான்டா கடிகாரம்.

வந்து, மேல நிக்கற தண்ணிய ஒரு சொம்புல சாச்சு எடுத்து வெச்சுக்குவா. களி இறுகிப்போனா அதுலேர்ந்து கொஞ்சம் ஊத்திக்கலாம். பானைய எறக்கிப் பிரிமணை மேல வெச்சு, பழந்துணிய அணைகுடுத்து, ரெண்டு காலாலயும் பானைய இடுக்கிக்கிட்டு, துடுப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆரம்பிப்பா. நீ நெனைக்கற மாதிரி சுத்திச் சுத்திக் கலக்கறது இல்ல அது. பானைச் சுவத்துல வெச்சு அழுத்தி மசிக்கறது. தோளுலேர்ந்து எறங்கற பலம். அறுபத்தெட்டு வயசு, ஒரு பிடி எலும்பு, அது எங்கேர்ந்துதான் அந்தப் பலத்த எடுக்குதோ! வெந்துச்சா இல்லையான்னு தெரியணும்னா வெரலத் தண்ணியில நனைச்சுக் களி மேல வெச்சுப் பாப்பா. ஒட்டினா வேகல. ஒட்டலைன்னா வெந்துடுச்சு. உங்க கம்பெனிக்காரன் இதுக்கு ஒரு மெசினு செஞ்சு வித்தா எத்தனை லச்சம் கேப்பான்?

அப்பறம் ஈரக் கிண்ணத்துல போட்டு ரெண்டு குலுக்கு. உருண்டை. அதுக்கு மார்கழி, தை மாசத்துல பச்சை அவரைக்கொட்டைக் கொழம்பு, மத்த நாள்ல கடைஞ்ச கீரை, ஒண்ணும் இல்லாத நாள்ல கொள்ளு ரசம். கிள்ளி, பொரட்டி, முழுங்கணும். நீ போன தடவை வந்தப்ப மென்னு தின்ன. உங்க ஆயா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. சிரிச்சாளோ அழுதாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

நீயாவது தின்ன. எங்க காலத்துல களி திங்கறவன்னாலே ஒரு எளக்காரம். 1965 அக்டோபர் ரெண்டாந்தேதி சேலத்துலேர்ந்து பிரிச்சு நம்மளத் தருமபுரின்னு தனி ஜில்லாவாக்கினப்ப எனக்குப் பன்னண்டு வயசு. நெல்லுச்சோறுன்னா தீவாளி, பொங்கல், இல்லைன்னா யாருக்காவது காய்ச்சல். அரிசி வாங்கற அளவுக்குக் கையில காசு வந்ததும் நாங்க செஞ்ச மொத காரியம் என்ன தெரியுமா? களிய மறந்ததுதான். அதையும் கெழவிங்க முன்னாடியே மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு மறந்தோம். தப்புப் பண்ணிட்டு உள்ள போறவனத்தான் 'களி திங்கப் போயிட்டான்'னு சொல்லுவோம். எங்க வீட்ல எல்லாருமே தப்புப் பண்ணாமத் தின்னுக்கிட்டு இருந்தோம், அது வேற கதை.

இப்ப என்னாச்சு? 2023-ஆம் வருசத்த ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு சொல்லிடுச்சு. அதே வருசம் நம்ம ஜில்லாவுலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேவுரு குடுக்க ஆரம்பிச்சாங்க. நூறு கிராம் கேவுருல 340 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்தாம். அரிசியில அதுல முப்பதுல ஒரு பங்கு கூடத் தேறாதாம். நல்ல காரியந்தான், நான் இல்லைங்கல. நம்ம சீமை வெவசாயிங்ககிட்டேர்ந்தே வாங்கித்தான் குடுக்கறாங்கன்னு யாரோ சொன்னதும் உங்க ஆயா கேட்டா: 'நம்ம காட்டுல வெளைஞ்சது நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குங்க இத்தனை தூரம் சுத்தி வருது?' எனக்கு பதில் தெரியல. உன்ன மாதிரி படிச்சவன் யாராவது சொல்லட்டும்னு விட்டுட்டன்.

நீ ஓசூர்ல கேவுரத் தேடிப் போயித் தின்றதா உங்கம்மா சொன்னா. ஓட்டல்ல 'ராகி முத்தே'ன்னு தட்டுல ஒத்தை உருண்டை, பக்கத்துல ஒரு கொத்தமல்லித் தழை, அதுக்கு ஒரு நாள் கூலி. தின்னுட்டு 'எங்க ஆயா செய்யற மாதிரி இல்ல'ன்னு சொன்னியாம். அதச் சொல்லத்தான் அவ்ளோ காசா? இங்க வந்து சும்மாவே சொல்லியிருக்கலாமே.

இன்னொண்ணு. பழைய சாமானையெல்லாம் நல்லாப் படம் எடு. ஒரல், ஒலக்கை, திருகை, தானியம் கொட்டற தொம்பை எல்லாத்தையும் எடுத்தாச்சு. கொல்லைச் செவுத்துல சாணி வறட்டிக்குள்ள வரிசையா வெதை பதிச்சிருந்ததையும் விடல. எடுத்து 'கிராமத்து ஓவியம்'னு போட்டிருக்கியாம்! ஓவியம் இல்லடா மடையா, அது அடுத்த வருசத்துப் பூசணி. நல்லா முத்துன காயாப் பாத்து வெதை எடுத்து, சாணியில பதிச்சு, செவுத்துல அப்பி வெச்சா ஆடி வரைக்கும் பூச்சி அண்டாது, ஈரமும் ஏறாது. அவரை வெதைக்கு அடுப்புச் சாம்பல். தொவரைக்குச் செம்மண்ணு. செம்மண்ணக் கரைச்சுப் பருப்புல பொரட்டி வெயில்ல காய வெச்சா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சட்டை போட்ட மாதிரி ஆயிடும், வண்டு பல்லு எறங்காது. கேவுருக்குத்தான் ஒரு சட்டையும் வேணாம். அது பாட்டுக்கு வருசக்கணக்குல கெடக்கும். எங்க ஆயா காலத்துல மண்ணுல குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, உள்ள கொட்டி மூடி, மேல மண்ணு போட்டு மெழுகிடுவாங்க. மழை பொய்ச்ச வருசந்தான் குழியத் தொறக்கறது.

அதுல ஒரு சூச்சுமம் இருக்கு. தொறந்ததும் எவனும் உள்ள எறங்கிடக் கூடாது. நாள்கணக்குல மூடிக் கெடந்த காத்து, ஆளையே சாச்சுப்புடும். எங்க ஆயா ஒரு வெளக்க ஏத்திக் கயித்துல கட்டி உள்ள எறக்குவா. வெளக்கு அணைஞ்சா காத்திரு. எரிஞ்சா எறங்கு. பள்ளிக்கூட வாசலே பாக்காதவ. எங்க தெரு வாத்தியாரு ஒருநாள் வந்து நின்னு பாத்துட்டு, 'இது விஞ்ஞானம்'னாரு. எங்க ஆயா கேட்டா: 'அப்படின்னா என்னா, அதையும் வெயில்ல காய வெக்கணுமா?'

புளியும் அப்படித்தான். மாசி, பங்குனியில நம்ம பக்கம் எந்தத் திண்ணைக்குப் போனாலும் டொக்கு டொக்குனு சத்தம் கேக்கும். ஓடு ஒடைச்சு, நார் உருவி, கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டுப் பானையில அடைக்கற வேலை. கூலிக்கும் தட்டுவாங்க, வீட்டுக்கும் தட்டுவாங்க. உங்க ஆயா வெரல் நகத்தப் பாத்திருக்கியா? அந்தக் கருப்பு மருதாணி இல்ல. நீ போட்ட படத்துல அந்த நகத்த ஏதோ செஞ்சு வெளுப்பாக்கிட்டதா பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு. 'அது பில்ட்டரு தாத்தா'ன்னு எனக்கு வெளக்கம் வேற.

இந்த இடத்துல எனக்கு நம்ம அவ்வை ஞாபகம் வருது. தகடூர்னு படிச்சிருப்பியே, அது நாமதான். அதியமான் கோட்டை கட்டின ஊரு தருமபுரியத் தாண்டிச் சேலம் போற வழியிலதான் இருக்கு, நீதான் காதுல ஒயர மாட்டிக்கிட்டு எங்கயும் எட்டிப் பாக்கறதில்ல. அவ்வைன்னதும் கோலூனுன கெழவி ஒனக்கு ஞாபகம் வரும். அது 1953-ல ஜெமினிப் படத்துல கே.பி.சுந்தராம்பாள் நடிச்சு நம்ம மண்டையில பதிஞ்சது. அதியமான் காலத்து அவ்வை கெழவியே இல்ல, ஊரூராப் பாடிப்போன வயசுப் பொண்ணுன்னு சொல்ற புலவருங்க உண்டு. நமக்குத்தான் ஒரு பொம்பளை புத்தியாப் பேசினா அவள மொதல்ல கெழவியாக்கிட்டுத்தான் ஒத்துக்க மனசு வரும். நம்ம ஜில்லாவுல தெலுங்கு பேசற வீட்ல இன்னைக்கும் ஆயாவ 'அவ்வா'ன்னுதான் கூப்பிடறாங்க, அது தெரியுமா ஒனக்கு?

நெல்லிக்கனி கதை எல்லாருக்கும் தெரியும். ஆயுசக் கூட்டற கனி, ராசா தான் திங்காம அவளுக்குக் குடுத்துட்டான். எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த கதை. கனிய மட்டும் குடுத்துட்டு 'நீ வீட்ல ரெஸ்ட் எடு தாயி'ன்னு அவன் விட்டுடல. காஞ்சிபுரத்துத் தொண்டைமான்கிட்ட தூது அனுப்பினான். போனா. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டாரத்தப் பெருமையாக் காட்டினான். அத்தனை வேலுக்கும் நெய்யி பூசி, மயில் பீலி சூட்டி, பளபளன்னு நிக்குது. அவ்வை அசரல. இங்க எல்லாம் அழகா சோடிச்சு வெச்சிருக்கு, எங்க ஆளோட வேலுதான் பாவம், குத்திக் குத்தி மொனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுங்கற அர்த்தத்துல ஒரு பாட்டுப் பாடினா. அவன் அதப் புகழ்ச்சின்னு நெனைச்சுச் சிரிச்சிருப்பான். ராத்திரி படுத்த பின்னாடிதான் உறைச்சிருக்கும்.

உன் செல்லுல இருக்காளே ஒரு ஆயா, வெள்ளை நகத்தோட, ரோசாப்பூ சுத்தி, அவ தொண்டைமான் வூட்டு வேலுடா.

கோச்சுக்காத. உன்ன மட்டும் சொல்லல, எனக்கும் இதெல்லாம் லேட்டாத்தான் உறைச்சுது. முழங்கால் வலின்னு ஒரு தடவை சிட்லிங்கி போனன். அரூர் போயி, கோட்டப்பட்டி தாண்டி, மலைக்கு நடுவுல இருக்கற பள்ளத்தாக்கு. 1993-ல ரெஜி டாக்டரும் லலிதா டாக்டரும் ஒரு கூரைக் கொட்டாயில ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அங்க இருக்கு. வைத்தியம் முடிஞ்சுது, பஸ்ஸுக்கு நேரம் கெடந்துச்சு, சும்மா இருக்காம நடந்தன். ஒரு எடத்துல பொண்ணுங்க கூட்டமா உக்காந்து துணியில தையல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. லம்பாடிப் பொண்ணுங்க. செவப்பு, மஞ்ச, பச்சைன்னு நூலு. செவுத்துல மாட்டியிருந்த பழைய துணி ஒண்ணுல கண்ணாடித் துண்டு, சோழி, காசு எல்லாம் வெச்சுத் தைச்சிருந்துச்சு.

அந்தத் துணியப் பாத்ததும் எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. வயசுக் காலத்துல அரூர் சந்தையில இந்த மாதிரி பாவாடை கட்டி, கையெல்லாம் வளையல் போட்டுக்கிட்டு லம்பாடிப் பொம்பளைங்க வருவாங்க. நாங்க நாலு பயலுங்க பின்னாடியே போயி வாயப் பொளந்து பாப்போம், ஏதாவது சொல்லிச் சிரிப்போம். அப்படிப் பாத்துப் பாத்தே அந்தப் பாவாடைய ஒழிச்சுட்டோம். எல்லாரும் சேலைக்கு மாறிட்டாங்க. பாவாடை போனதும் ஊசிக்கு வேலையில்ல. ஊசிக்கு வேலையில்லன்னதும் அம்மாக்காரிங்க கத்துக்கல. லலிதா டாக்டர் விசாரிச்சப்ப அந்தத் தையல் கையில நின்னது ரெண்டே ரெண்டு வயசான பொம்பளைங்களுக்காம். 2006 வாக்குல அந்த ரெண்டு பேரையும் நடுவுல உக்கார வெச்சு, சுத்தி எளவட்டப் பொண்ணுங்க உக்காந்து ஆரம்பிச்சிருக்காங்க. இன்னைக்கு அறுபது பேரு சுமாரா செய்யறாங்களாம். 'போர்கை'ன்னு பேரு. அவங்க பாசையில பெருமைன்னு அர்த்தமாம்.

நானு ஒரு மணி நேரம் நின்னு பாத்தன். துணியில கோடு கிழிச்சு வரையறது கெடையாதுடா. நெசவு நூல எண்ணி எண்ணிக் குத்தறது. ஒரு சின்னப் பொண்ணு எங்கயோ ஒரு எண்ணத்தத் தப்பிட்டா. பக்கத்துல ஒரு மூத்தவ. திட்டல, தான் வாங்கிச் சரி பண்ணியும் குடுக்கல. ஊசி மொனையால அந்த எடத்தத் தொட்டுக் காட்டிட்டுத் தன் துணியக் குனிஞ்சு தைக்க ஆரம்பிச்சுட்டா. அந்தப் பொண்ணு மூச்சுகூட விடாம ரெண்டு வரிசையப் பிரிச்சுச்சு. அன்னைக்கு அங்க யாரும் யாரையும் தெய்வம்னு சொல்லி நான் கேக்கல.

தெய்வம்னதும் ஒண்ணு சொல்லணும். உங்கம்மா இருக்கறப்ப இதப் பேச மாட்டன். நம்ம அடுப்பங்கரையில இருக்கற துடுப்ப நீ படம் எடுத்த. புளியங்கட்டை, எங்க ஆயா கல்யாணமாகி வந்தப்ப கொண்டாந்தது, அடிப்பக்கம் தேஞ்சு சப்பையாப் போயிருக்கும். தலையில ஒரு வெடிப்பு, அதுக்குக் கம்பி சுத்தியிருக்கும். 'பழமையான அழகு'ன்னு எழுதின. வெடிப்பு எப்படி வந்துச்சுன்னு யாரையும் கேக்கல.

1980. உங்க பெரியம்மாங்க ரெண்டு பேரு. மூணாவதும் பொண்ணாப் பொறந்துச்சு. மூணாம் நாளு சாயந்தரம் ஒறவுக்காரக் கெழவி ஒருத்தி வந்தா. மடியில சங்கு வெச்சிருந்தா. பாலூட்டற சங்குதான். என்ன பாலுன்னு வீட்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்துல நம்ம பக்கம் அது தெரியாத வீடு கொறைவு. யாரும் எதுக்கு வந்தன்னு கேக்கல. நானும் கேக்கல. திண்ணையில உக்காந்து ஒரு பீடியப் பத்த வெச்சன்.

எங்க ஆயாவுக்கு அப்ப எழுபதுக்கு மேல. களி கிண்டிக்கிட்டு இருந்தவ அப்படியே எழுந்து வந்தா, துடுப்புல களி ஒட்டியிருந்துச்சு. வாசக்கால்ல ஒரே போடு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கேக்குது. வந்தவ சங்கோட எழுந்து போயிட்டா. எங்க ஆயா என்னத் திரும்பிப் பாத்து, 'களி ஆறுது, வந்து தின்னு'ன்னா. அவ்வளவுதான். அதப் பத்தி அதுக்கப்பறம் செத்துப் போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு ஓரமாப் படுக்க வெச்சிருந்த பொண்ணுதான்டா உங்க அம்மா.

பன்னண்டு வருசம் கழிச்சு, 1992-ல சேலத்துல சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம்னு ஆரம்பிச்சாங்க. வேணாம்னா கொல்லாத, இங்க போட்டுட்டுப் போன்னு. பின்னாடி நம்ம ஜில்லாவுக்கும் அந்தத் தொட்டில் வந்துச்சு. தொட்டில் வர்றதுக்கு முன்னாடி எத்தனை வீட்ல துடுப்பு எழுந்து வந்துச்சோ, எத்தனை வீட்ல எழுந்து வரலையோ. அதனால கெழவிங்க எல்லாம் தெய்வம்னு பொத்தாம் பொதுவா எழுதாத. சங்கோட வந்தவளும் யாருக்கோ ஆயாதான்.

என்னடா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? கண்ணத் தொடை. ஆயா வர்றா.

ஏ, இங்க வா. உம் பேரன் இன்னைக்குக் களி கிண்டறானாம். நான் ஒண்ணும் சொல்லல, அவனாத்தான் சொல்றான். இல்லடா? ஆமான்னு சொல்லுடா. நீ அந்த முக்காலியில உக்காரு. உக்காருன்னா. அட, உக்காந்துட்டா!

அந்தச் செல்ல எடுத்துப் பரண் மேல வெய்யி. ஒலை கொதிச்சிடுச்சு, நொய்யி பாதி மலந்துடுச்சு, மாவக் கொட்டு. ஒரே குமியா. எத்தனை கிராமா? பாத்துப் போடுடா. உன் நோட்டுல எழுதியிருக்கே. ஆங், போதும். இப்ப கலக்காத. கலக்காதடா. கலக்காதன்னு சொன்னா... சரி, கலக்கிட்ட. கட்டி விழுந்துருச்சு பாரு, நெல்லிக்கா நெல்லிக்காயா. அதியமான் பரம்பரை.

உங்க ஆயாவப் பாரு. வெரல் துடிக்குது, எழுந்து வர மாட்டேங்கறா. அடுப்புல களி இருக்கறப்ப இவ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லடா. என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டியா? கைய மட்டும் நீட்டிக் காட்டறா. துடுப்புக் காம்பால நடுவுல ஓட்டை போடுங்கறா, கட்டியெல்லாம் மசிக்கறப்ப பாத்துக்கலாங்கறா. வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு இவளுக்கு? ம், போட்டியா, தண்ணி மேல வருதா, பொளக் பொளக்குனு? அதான். வெறகப் பின்னாடி இழு. மூடு.

இனி கீரை கடையற நேரம் வரைக்கும் அதத் தொடக் கூடாது.

என்ன ஏன்டா ரெண்டு பேரும் பாக்கறீங்க? கீரையா? நானா? ஏய் கெழவி, என்ன சிரிப்பு இது, பல்லு தெரியற அளவுக்கு? சரி, சரி, கத்தாதீங்க, கடையறன். சட்டியக் குடு. அம்பது வருசமாப் பாத்தவன், எனக்கென்ன தெரியாதா? கீரைச் சட்டி, பச்ச மொளகா, பூண்டு, உப்பு, எல்லாம் இருக்கு.

ஏன்டா பேராண்டி, இந்த மத்து எங்கடா வெச்சிருக்கும்?